சினெக்கோசிஸ்டிஸ் 6803: எந்தக் கிளையை வாங்குவது?

ஒளிச்சேர்க்கை ஆய்வில் இறங்கும் ஆய்வகங்களில் பல முதலில் வரவழைப்பது சினெக்கோசிஸ்டிஸ் பிசிசி 6803 என்னும் நீலப்பச்சைப் பாசியைத்தான். உருண்டையான ஒற்றைச் செல் உயிரி, நன்னீரில் வாழ்வது, பிஜி-11 என்ற எளிய உப்புக்கரைசலும் வெளிச்சமும் கிடைத்தால் 30 டிகிரி செல்சியஸில் தயக்கமின்றி வளர்வது, நாம் கொடுக்கும் டிஎன்ஏவைத் தானாகவே உள்வாங்கித் தன் குரோமோசோமில் இணைத்துக்கொள்வது. இத்தனை நற்குணங்களும் ஒருங்கே அமைந்த இன்னொரு நீலப்பச்சைப் பாசியைக் காட்டுவது கடினம். ஆனால் 6803 என்ற எண்ணைத் தாங்கி ஆய்வகங்களுக்கு வந்து சேரும் குப்பிகளில் எல்லாம் இருப்பது ஒரே உயிர் அல்ல; ஒரே மூதாதையிலிருந்து பிரிந்து சற்றே மாறிப்போன வெவ்வேறு கிளைகள். ஒன்று அகார் என்ற கூழ்த் தட்டின் மேல் வெளிச்சத்தை நோக்கி நகரும், மற்றொன்று வைத்த இடத்திலேயே கிடக்கும். ஒன்று குளுக்கோஸில் செழிக்கும், மற்றொன்று அதே குளுக்கோஸில் மடியும். இந்த மதிப்புரை அந்த வேறுபாட்டைப் பற்றியது. புதிதாக வாங்கப்போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்; ஆண்டுக்கணக்கில் வளர்த்துவந்தும் தம்மிடம் இருப்பது எந்தக் கிளை என்று விசாரித்துப் பார்க்காதவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் வரலாறு, ஏனென்றால் இந்தப் பொருளைப் பொறுத்தவரை அதன் தரம் அதன் வரலாற்றில்தான் இருக்கிறது. 1968ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் நன்னீர் ஏரி ஒன்றிலிருந்து ரியோ குனிசாவா இதைத் தனித்தெடுத்தார். பெர்க்கிலியில் ரோஜர் ஸ்டேனியரின் குழு ஒற்றைச் செல் நீலப்பச்சைப் பாசிகளைப் பிற பாக்டீரியாக்களின் கலப்பின்றித் தூய வளர்ப்புகளாக்கி வகைப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பணியின் முடிவுகள் 1971இல் வெளியாயின. அதே ஆண்டில் ஸ்டேனியர் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்துக்குப் போனபோது வளர்ப்புகளும் உடன் சென்றன. அங்கே வேரூன்றிய சேகரிப்பின் பெயர்ச் சுருக்கம்தான் பிசிசி. அமெரிக்காவின் ஏடிசிசி சேகரிப்பிலும் அதே பாசி 27184 என்ற எண்ணில் வைப்பாயிற்று. ஆக, ஏரியிலிருந்து எடுத்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே ஒரே உயிரின் இரு வழித்தோன்றல்கள் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் தனித்தனியே வளரத் தொடங்கிவிட்டன. இன்று உலகில் புழங்கும் 6803 கிளைகளின் குடிவழி வரைபடத்தில் முதல் பெரும் பிரிவு ஏறத்தாழ இங்கேதான் வருகிறது.

பாரிஸ் வழியில் வந்த கிளைகளில் பல இன்றும் நகரும் திறனைக் காத்துவைத்திருக்கின்றன. மாஸ்கோவில் கிரிகோரியேவாவும் ஷெஸ்தகோவும் 1982இல் இந்தப் பாசி வெளி டிஎன்ஏவை இயல்பாக உள்வாங்குவதை நிறுவினார்கள். 6803ஐ மரபணு ஆய்வின் கருவியாக மாற்றியது அந்தக் கண்டுபிடிப்பே. மாஸ்கோ ஆய்வகத்திலிருந்து பிற நாடுகளுக்குச் சென்ற நகரும் கிளைக்கு இன்று பிசிசி-எம் என்று பெயர். ஜப்பானில் இதே வழியில் தேர்ந்தெடுத்த இரு கிளைகள் உண்டு: வெளிச்சத்தை நோக்கிப் போவது பிசிசி-பி, விலகிப் போவது பிசிசி-என்.

ஏடிசிசி வழியின் கதை வேறு. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் வில்லியம்ஸ், 27184இலிருந்து குளுக்கோஸைத் தாங்கி வளரும் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, அதைக் கையாளும் முறைகளை 1988இல் விரிவாக எழுதினார். ஜிடி (குளுக்கோஸைத் தாங்குவது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று தொடங்கும் பெயர்களைக் கொண்ட கிளைகளின் மூதாதை இதுதான். இந்தக் கிளை ஏன் அவ்வளவு விரும்பப்பட்டது என்பது எளிதில் விளங்கும். ஒளிச்சேர்க்கையின் இரண்டாம் ஒளி அமைப்பைச் சிதைத்தால் சாதாரணப் பாசி பட்டினியால் இறந்துவிடும். இறந்த உயிரை வைத்து எதையும் அளக்க முடியாது. குளுக்கோஸில் வாழத் தெரிந்த கிளையில் அந்த அமைப்பின் எந்தப் புரதத்தை நீக்கினாலும் உயிர் எஞ்சும். ஒரு நாளைக்குச் சில நிமிட வெளிச்சம் மட்டும் கொடுத்து, மற்ற நேரமெல்லாம் இருட்டில் வைத்துக்கூட இதைக் குளுக்கோஸில் வளர்க்கலாம் என்று 1991இல் ஆண்டர்சனும் மெகின்டாஷும் காட்டினார்கள். இரண்டாம் ஒளி அமைப்பின் புரதங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து நாம் கற்றதில் பெரும்பகுதி இந்தக் கிளையின் கொடை. அந்தத் துறையில் வேலை செய்பவர்களுக்கு என் பரிந்துரையில் ஐயமே இல்லை: ஜிடி கிளையைத்தான் வாங்க வேண்டும்.

நகர்ச்சி, ஒளியுணர்வு, செல்லின் மேற்பரப்பு இழைகள் போன்றவற்றை ஆராய நினைப்பவர்கள் ஜிடி கிளையின் பக்கமே போகக்கூடாது. அதற்கான காரணம் ஜப்பானின் சீபா மாநிலத்தில் உள்ள கசுசா டிஎன்ஏ ஆய்வு நிறுவனத்தின் புகழ்பெற்ற பணியோடு பின்னியிருக்கிறது.

1996இல் கசுசா குழு 6803இன் குரோமோசோம் முழுவதையும் வாசித்து வெளியிட்டது: 35,73,470 கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்துகள்), மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள். ஒளிச்சேர்க்கை செய்யும் உயிரினங்களில் மரபணுத்தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்ட முதல் உயிர் இதுதான். சயனோபேஸ் என்ற தரவுத்தளம் அதையொட்டி எழுந்தது. அன்றிலிருந்து 6803 பற்றி யார் எதைத் தேடினாலும் முதலில் சென்று பார்ப்பது அந்த வரிசையைத்தான். அது மகத்தான பணி. அதன் மேல் எனக்குள்ள மரியாதை சிறிதும் குறையாது. ஆனால் வாசிக்கப்பட்ட அந்தப் பாசி ஜிடி வழியில் வந்த ஒரு கிளை. கலிபோர்னிய ஏரியில் வாழ்ந்த மூதாதை அல்ல. கசுசா கிளைக்கே உரிய கீறல்கள் சில அந்த வரிசையில் பதிவாகி, 6803இன் இயல்பே அதுதான் என்பதுபோலப் பாடநூல்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

இரண்டு கீறல்களை மட்டும் அருகில் சென்று பார்ப்போம். முதலாவது ஸ்பிகேஏ என்ற மரபணு. செரின், திரியோனின் ஆகிய அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் ஒரு கைனேஸ் நொதிக்கான குறிப்பு அது. பாசி நகர்வதற்கு அந்த நொதி தேவை. கசுசா கிளையில் இந்த மரபணுவுக்குள் ஒரே ஒரு காரம் கூடுதலாக நுழைந்துவிட்டது. மரபுக்குறியீடு மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படுவதால், அந்த ஒரு எழுத்துக்கு அப்பால் வாசிப்பு முழுவதும் தடம் மாறிப்போகிறது. நகரும் கிளையில் ஒரே மரபணுவாக இருப்பது, தரவுத்தளத்தில் எஸ்எல்எல்1574, எஸ்எல்எல்1575 என்ற இரு தனி மரபணுக்களாகப் பதிவாகியிருப்பது இதனால்தான். 2001இல் காமேயும் சக ஆய்வாளர்களும் இதைத் தெளிவுபடுத்தினார்கள்.

இரண்டாவது இன்னும் வியப்பானது. மரபணுத்தொகுதிக்குள் இடம் விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டுகள் 6803இல் பல உண்டு. அவற்றுள் ஐஎஸ்ஒய்203 என்ற குடும்பம் கசுசா கிளையில் அண்மைக்காலத்தில் தாவியிருக்கிறது. பாரிஸ் கிளையில் காணப்படாத நான்கு இடங்களில் அது புகுந்திருப்பதை 1999இல் ஒகமோட்டோ, இகெயுச்சி, ஓமோரி ஆகியோர் கண்டறிந்தனர். அந்த நான்கில் ஒன்று சிசிஏஎஸ் என்ற மரபணுவின் நடுவில் விழுந்திருக்கிறது. பச்சை ஒளியை உணர்ந்து, ஒளியை ஏந்தும் ஆன்டெனாப் புரதங்களின் அமைப்பை மாற்றச் சொல்லும் உணரி அது. சிவப்பு ஒளி பட்டால் அடங்கிவிடும். பிற்காலத்தில் இதே உணரியை ஈ.கோலை பாக்டீரியாவில் பொருத்தி, வெளிச்சத்தின் நிறத்தை மாற்றியே மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும் பொறியாளர்கள் கற்றுக்கொண்டார்கள். அத்தனை மதிப்புமிக்க மரபணு, உலகம் முழுவதும் பார்த்துப் படித்த வரிசையில் எஸ்எல்எல்1473, எஸ்எல்எல்1475 என்ற இரு துண்டுகளாகவும், நடுவே தாவு துண்டின் நொதியான எஸ்எல்எல்1474 ஆகவும் கிடந்தது. கசுசா கிளையை வாங்கி, பச்சை ஒளியில் அதன் ஆன்டெனா எப்படி மாறுகிறது என்று ஆராயப் புகுபவர், மாறுவதே இல்லை என்ற முடிவுக்குத்தான் வருவார். அந்தக் கிளையைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

இந்தக் காரணத்தால் கசுசா கிளையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. தரவுத்தளத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் கிளை வேண்டும் என்பவர்களுக்கு, புரதங்களின் மொத்தப் பட்டியலை எடுப்பவர்களுக்கு, வளர்சிதை மாற்றத்தைக் கணினியில் மாதிரியாக்குபவர்களுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. தேவை எது, பொருள் எது என்று தெரிந்து வாங்குவதுதான் முக்கியம்.

2011இலிருந்து படம் வேகமாகத் தெளிவடைந்தது. டிஎன்ஏ வரிசையை வாசிக்கும் செலவு சரிந்ததும், ஆய்வகங்கள் தத்தம் 6803ஐ மீண்டும் வாசித்துப் பார்க்கத் தொடங்கின. 2011இல் தஜிமா குழு ஜிடி-எஸ் கிளையை வாசித்தது. 2012இல் கனேசாகி குழு பிசிசி-பி, பிசிசி-என், ஜிடி-ஐ ஆகிய மூன்றையும், ட்ரவுட்மன் குழு நகரும் பிசிசி-எம் கிளையையும் வாசித்தன. நியூசிலாந்தின் ஒடாகோவில் ஜிடி-ஓ1, ஜிடி-ஓ2 என்று தம் கிளைகளுக்குத் தனிப்பெயரே சூட்டினார்கள். இந்தப் பணிகளால் இரு நன்மைகள் விளைந்தன: 1996 வரிசையில் உண்மையான சடுதிமாற்றம் எது, வாசிப்புப் பிழை எது என்று பிரித்தறிய முடிந்தது, எந்தக் கிளை எதிலிருந்து எப்போது பிரிந்தது என்ற குடிவழியையும் வரைய முடிந்தது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தன் ஆய்வகத்தின் கிளைக்குத் தனிப்பெயர் இட்டு, அதன் வரிசையைப் பொதுவில் வைக்கும் ஒடாகோ வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அதைப் பின்பற்றும் ஆய்வகத்திலிருந்து வரும் குப்பியை நான் தயங்காமல் வாங்கிக்கொள்வேன்.

எல்லா மாற்றங்களும் ஓரிரு எழுத்தளவில் நின்றுவிடுவதில்லை. செக் நாட்டின் த்ரெபோன் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. இரண்டாம் ஒளி அமைப்பு கோக்கப்படும் விதம் வழக்கத்துக்கு மாறாக இருந்த ஒரு கிளையை அவர்கள் வாசித்துப் பார்த்தபோது, குரோமோசோமின் ஏறத்தாழ ஒரு லட்சம் கார இணைகள் கொண்ட பகுதி அடுத்தடுத்து இருமுறை எழுதப்பட்டிருந்தது. வெளித்தோற்றத்தில் அது சாதாரண 6803தான். அதே பச்சை, அதே உருண்டைச் செல். குப்பியின் மேல் எழுதிய பெயரைப் பார்த்து அதை யாராலும் ஊகித்திருக்க முடியாது.

2017இல் செக் ஆய்வாளர்கள் வெளியிட்ட மற்றோர் ஒப்பீடு, வாங்குபவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். ஜிடி-எல், ஜிடி-பி, பிசிசி-பி என்று பெயரிட்ட மூன்று கிளைகளை அவர்கள் வெளிச்சம் பாய்ச்சி வளர்க்கும் ஒரேவகையான தட்டைக் கலன்களில், ஒளியின் நிறம், வெப்பம், கரியமில வாயுவின் அளவு, உப்பு ஆகியவற்றை மாற்றி மாற்றி வளர்த்து அளந்தார்கள். (இங்கே பிசிசி-பி என்பது புர்னோ நகரக் கிளை, முன்னர் சொன்ன ஜப்பானியக் கிளையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வளரும் வேகம், ஒளிச்சேர்க்கைத் திறன், செல்லின் எடை, அதில் உள்ள கார்போஹைட்ரேட், புரதத்தின் அளவு என்று எல்லாவற்றிலும் வேறுபாடு தெரிந்தது. ஜிடி-பி குளிருக்கு மற்ற இரண்டையும்விட அதிகம் வாடியது. எல்லாவற்றையும்விட, குளுக்கோஸைத் தாங்கும் குடும்பத்தில் பிறந்த ஜிடி-எல் குளுக்கோஸைத் தாங்கவில்லை! எந்தப் பண்புக்காக அந்தக் குடும்பத்துக்கே பெயர் வந்ததோ அதை அது இழந்திருந்தது. பெயர்ப்பலகையை நம்பி வாங்குவது எவ்வளவு அபாயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இவை ஏன் நடக்கின்றன என்பதை அறிந்தால்தான் வாங்கிய பிறகு எப்படிக் காப்பது என்பதும் புரியும். வளர்ப்பைச் சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய ஊடகத்துக்கு மாற்றும்போது ஒரு சொட்டைத்தான் எடுக்கிறோம். அந்தச் சொட்டில் இருப்பவை மட்டுமே அடுத்த தலைமுறைகளுக்கு மூதாதைகள். தட்டிலிருந்து ஒரு கொத்தை எடுக்கும்போது, விளிம்பு சிதறிப் பரவிய கொத்தை விட்டுவிட்டு, உருண்டு திரண்டு அழகாக நிற்பதையே கை தானாகத் தேடும். நகர்பவை பரவிக் கிடக்கும், நகராதவைதான் திரண்டு நிற்கும். ஆண்டுக்கணக்கில் இப்படி எடுத்தால், நகராத பாசியை நாமே பொறுக்கி வளர்த்தவர்களாகிறோம். ஏரியில் வெளிச்சத்தைத் தேடி நகர வேண்டிய தேவை இருந்தது. குடுவையைக் குலுக்கிக்கொண்டே எல்லாப் பக்கமும் விளக்கு வைத்திருக்கும் ஆய்வகத்தில் அந்தத் தேவை கிடையாது. தேவையற்ற கருவியைக் கழற்றிப் போட்ட செல்லுக்கு அங்கே இழப்பு ஏதும் இல்லை.

இதில் 6803க்கே உரிய ஒரு சிக்கலும் சேர்கிறது. ஒரு செல்லில் குரோமோசோம் ஒன்றாக இருப்பதில்லை. கிரீஸே, லாங்கே, சோப்பா ஆகியோர் 2011இல் எண்ணியபடி, விரைந்து வளரும் கட்டத்தில் நகரும் கிளையின் ஒரு செல்லில் குரோமோசோமின் 218 படிகள் (நகல்கள்). ஜிடி கிளையில் 142. வளர்ச்சி அடங்கிய பிறகு அவை முறையே 58, 42 என்று குறைகின்றன. சினெக்கோகாக்கஸ் 7942 என்ற மற்றொரு நீலப்பச்சைப் பாசியில் மூன்று நான்குதான். ஆகவே 6803இல் ஒரு படியில் தோன்றிய சடுதிமாற்றம் உடனே வெளிப்பட வேண்டும் என்பதில்லை. பழைய எழுத்தும் புதிய எழுத்தும் ஒரே செல்லுக்குள் பல தலைமுறைகள் கலந்தே வாழக்கூடும். நீங்கள் வாங்கிய நாளில் கண்ணுக்குப் படாத வேறுபாடு, உங்கள் ஆய்வகத்தின் ஒளியிலும் வெப்பத்திலும் மெல்ல மேலேறி வரலாம். படிகளின் எண்ணிக்கையே கிளைக்குக் கிளை மாறுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்: மரபணுவை நீக்கிய பிறகு எல்லாப் படிகளிலிருந்தும் அது போய்விட்டதா என்று பார்க்கும் வேலை எவ்வளவு காலம் இழுக்கும் என்பதை இந்த எண்ணிக்கையும் தீர்மானிக்கிறது.

குப்பி கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய சோதனைகள் எளியவை, செலவும் குறைவு. முதலாவது நகர்ச்சிச் சோதனை. வழக்கத்தைவிட அகாரைக் குறைத்து மென்மையான தட்டு ஊற்றி, அதில் வளர்ப்பின் ஒரு சொட்டை வைத்து, பக்கவாட்டில் ஒரு சிறு துளை மட்டும் விட்டுக் கறுப்புப் பெட்டிக்குள் மூடி, அந்தத் துளைக்கு நேரே விளக்கை வைக்க வேண்டும். நகராத கிளையானால் சொட்டு வைத்த இடத்திலேயே வட்டமாகப் பச்சை ஏறிக் கனக்கும். நகரும் கிளையானால் சில நாட்களில் வட்டத்தின் வெளிச்சப் பக்க விளிம்பு மட்டும் சொரசொரப்பாகி, அங்கிருந்து விரல் விரலாகப் பச்சைக் கோடுகள் விளக்கை நோக்கி நீளும். மறுபக்க விளிம்பு மழமழவென்றே நிற்கும். அந்தத் தட்டைத் திருப்பி வைத்தால் விரல்கள் திசை மாறுவதையும் பார்க்கலாம். இவ்வளவு சிறிய செல்லுக்குத் திசை எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்கு 2016இல் விடை கிடைத்தது: சுமார் 3 மைக்ரோமீட்டர் அகலமுள்ள அந்த உருண்டைச் செல்லே ஒரு வில்லையாக நின்று, ஒளியை எதிர்ப்பக்கச் சுவரில் ஒரு புள்ளியாகக் குவிக்கிறது, செல் அந்தப் புள்ளியிலிருந்து விலகும் திசையில் நகர்கிறது, அதுவே விளக்கை நோக்கிய திசை. நகராத கிளையை மட்டும் உலகம் வைத்திருந்தால் இந்த அழகிய உண்மை நம் கைக்கு வந்தே இருக்காது.

இரண்டாவது, குளுக்கோஸ் சேர்த்த தட்டும் சேர்க்காத தட்டும் பக்கம் பக்கமாக. இதற்கு விளக்கம் தேவையில்லை. ஜிடி-எல் கதையைப் படித்தவர்கள் இதைத் தவிர்க்க மாட்டார்கள்.

மூன்றாவது பிசிஆர், அதாவது டிஎன்ஏவின் ஒரு பகுதியை மட்டும் பெருக்கிப் பார்ப்பது. எஸ்எல்ஆர்2031 என்ற மரபணுப் பகுதியில் ஜிடி வழிக் கிளைகளுக்கு 154 கார இணைகள் விடுபட்டிருக்கின்றன. பாரிஸ் வழியில் அது முழுமையாக உள்ளது. இருபுறமும் பிரைமர் வைத்துப் பெருக்கி ஜெல்லில் ஓட்டினால், இரு வழிகளின் பட்டைகளும் கண்ணாலேயே பிரித்தறியும்படி ஏறி இறங்கி நிற்கும். சிசிஏஎஸ் மரபணுவையும் இப்படியே பார்க்கலாம். தாவு துண்டு உள்ளே இருந்தால் பட்டை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார இணைகள் பெரிதாக வரும். ஸ்பிகேஏவில் இருப்பது ஒற்றை எழுத்து என்பதால் அந்தப் பகுதியை வாசித்துத்தான் ஆக வேண்டும். முழு மரபணுத்தொகுதியையும் வாசிக்க வசதி உள்ளவர்கள் வாசித்துவிடுவது மேல். 35 லட்சம் எழுத்து இன்றைக்குப் பெரிய சுமையல்ல.

ஒருமுறை ஓர் ஆய்வகத்திலிருந்து எங்களுக்கு வந்த குப்பியின் மேல் 6803 வைல்டு டைப் (மாற்றப்படாத இயல்பு வகை) என்றும் ஒரு தேதியும் மட்டுமே எழுதியிருந்தன. எங்கிருந்து வாங்கியது, எந்தக் கிளை என்று கேட்டு எழுதியதற்கு, நெடுநாளாக எங்களிடம் இருப்பதுதான் என்று பதில் வந்தது. மேற்சொன்ன ஜெல்லில் அது ஜிடி வழி என்று தெரிந்தது; தட்டில் அது நகரவும் இல்லை. நாங்கள் கேட்டிருந்ததோ நகர்ச்சி ஆய்வுக்காக. அந்த வளர்ப்பு நலமாக, கலப்பில்லாமல், நல்ல நிறத்தோடு வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதில் குறையே இல்லை. இல்லாதது வரலாறு ஒன்றுதான், ஆனால் எங்கள் வேலைக்கு அதுதான் தேவைப்பட்டது.

அதனால்தான் சேகரிப்பு மையங்களின் சேவையை நான் உயர்வாக மதிக்கிறேன். நண்பரிடம் கேட்டால் பாசி இலவசமாக வரும், விரைவாகவும் வரும். மையத்திலிருந்து வாங்கினால் கட்டணம் உண்டு, படிவங்கள் உண்டு, காத்திருப்பும் உண்டு. ஆனால் மையம் தருவது பாசியை மட்டுமல்ல. யார் எடுத்தது, எங்கே எடுத்தது, யார் வைப்புச் செய்தது என்ற தொடர்ச்சியையும் தருகிறது. பாரிஸ் சேகரிப்பில் ரோஸ்மேரி ரிப்காவும் சகாக்களும் 1979இல் 178 தூய வளர்ப்புகளின் பண்புகளோடு அவற்றின் வரலாற்றையும் ஒருசேர வெளியிட்டார்கள். இந்தத் துறையில் வரலாற்றைப் பதிவு செய்வது எப்படி என்பதற்கு அதுவே இன்றும் முன்மாதிரி. கடல் வாழ் நீலப்பச்சைப் பாசிகள் தேவைப்படுவோருக்குத் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் அவற்றுக்கென்றே ஒரு தேசிய மையம் இருப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்; நம் கடற்கரையின் பாசிகளோடு வேலை செய்ய நினைப்பவர்கள் அயல்நாட்டுப் பட்டியல்களைப் புரட்டும் முன் அங்கே விசாரிக்கலாம்.

மையத்திலிருந்து வந்தாலும் சரி, நண்பரிடமிருந்து வந்தாலும் சரி, முதல் வளர்ப்பு பச்சையேறியதும் அதிலிருந்து சிறு குழாய்களில் டைமெத்தில் சல்பாக்சைடு 8 சதவீதம் சேர்த்து உறையவைத்துவிட வேண்டும். திரவ நைட்ரஜன் சிறந்தது, இல்லையேல் கழித்தல் 80 டிகிரி. உறைந்த செல்லில் தலைமுறை நகராது, ஆகவே புதிய சடுதிமாற்றங்கள் குவியவும் வழியில்லை. மீண்டும் எடுக்கும்போது சல்பாக்சைடைக் கழுவி நீக்கி, முதல் நாள் இருட்டிலோ மிக மங்கிய வெளிச்சத்திலோ வைத்திருப்பது நல்லது. காயம்பட்ட செல்லுக்கு வெளிச்சமே நஞ்சு. ஒவ்வொரு பெரிய பரிசோதனையையும் புதிதாக எடுத்த குழாயிலிருந்து தொடங்குவதும், தட்டில் உள்ளதை மாதக்கணக்கில் கோடிழுத்து நகர்த்திக்கொண்டே போகாமல் இருப்பதும் இந்தப் பாசியிடம் நாம் காட்ட வேண்டிய குறைந்தபட்ச ஒழுங்கு.

6803ஐ விட்டு வேறு பாசிக்குப் போனால் இந்தத் தொல்லை தீருமா என்று கேட்பவர்களுக்கு, இல்லை என்பதே பதில். ஆனால் அங்கே இதே வேறுபாடு ஒரு வரமாகவும் அமைந்தது. சினெக்கோகாக்கஸ் எலாங்கேட்டஸ் இனத்தில் பிசிசி 6301, பிசிசி 7942 என்ற இரண்டும் ஏறத்தாழ ஒரே உயிர்; குரோமோசோமில் சுமார் 1.89 லட்சம் கார இணைகள் கொண்ட ஒரு பகுதி ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் இருப்பதே கண்ணுக்குப் படும் பெரிய வேறுபாடு. ஆனால் 7942 வெளி டிஎன்ஏவை உள்வாங்கும், 6301 உள்வாங்காது. 1950களில் டெக்ஸஸின் ஆஸ்டின் நகரில் கிராட்ஸும் மையர்ஸும் மிக வேகமாக வளர்வதாக எழுதிய பாசி, அங்குள்ள யூடெக்ஸ் சேகரிப்பில் 625 என்ற எண்ணில் வைக்கப்பட்டு, காலப்போக்கில் அந்த வேகத்தை இழந்திருந்தது. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹிமாத்ரி பக்ராசியின் குழு, அந்த வளர்ப்பிலிருந்தே வேகமாக வளரும் ஒரு கொத்தைப் பிரித்தெடுத்து யூடெக்ஸ் 2973 என்று வைப்புச் செய்தது. 41 டிகிரி வெப்பத்தில், வலுவான ஒளியில், 3 சதவீதக் கரியமில வாயுவில் 1.9 மணி நேரத்துக்கு ஒருமுறை அது இரட்டிக்கிறது என்று 2015இல் அறிவித்தார்கள். 7942ஓடு அதன் வரிசை 99.8 சதவீதம் ஒத்திருக்கிறது. வேகத்துக்குக் காரணம் ஏடிபிஏ, பிபிஎன்கே, ஆர்பிஏஏ என்ற மூன்று மரபணுக்களில் உள்ள எழுத்து மாற்றங்களே என்றும், அந்த மூன்றையும் 7942க்குள் வைத்தால் இரட்டிக்கும் நேரம் 6.8 மணியிலிருந்து 2.3 மணியாகக் குறைகிறது என்றும் 2018இல் நிறுவினார்கள். இரு கிளைகளுக்கிடையே இருந்த சின்னஞ்சிறு வேறுபாட்டைத் தொல்லை என்று ஒதுக்காமல் கேள்வியாக எடுத்துக்கொண்டதால் கிடைத்த பரிசு அது. பொருளாக மதிப்பிட்டால் 2973க்கு ஒரு பெரும் குறை உண்டு: அது டிஎன்ஏவைத் தானாக உள்வாங்காது, ஈ.கோலையோடு இணையவிட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். வேகமும் வேண்டும், எளிதில் மரபணுவை மாற்றவும் வேண்டும் என்பவர்களுக்கு, மும்பையின் போவாய் ஏரியிலிருந்து பம்பாய் ஐஐடி ஆய்வாளர்கள் எடுத்துப் பாரிஸ் சேகரிப்பில் வைத்துள்ள பிசிசி 11801 உகந்தது. 2.3 மணி நேரத்தில் இரட்டிக்கும் அது டிஎன்ஏவையும் இயல்பாக உள்வாங்குகிறது என்று 2018இல் வெளியான அறிக்கை கூறுகிறது.

6803க்கே திரும்பினால், என் தேர்வுகள் இவை. ஒளி அமைப்புகளின் புரதங்களை மாற்றி ஆராய்பவர்கள், குளுக்கோஸ் தட்டில் சோதித்துத் தேறிய ஜிடி கிளையை வாங்கலாம். நகர்ச்சி, ஒளியுணர்வு, இழைகள் பற்றிய வேலைக்குப் பாரிஸ் சேகரிப்பிலிருந்து பெற்ற கிளையோ, வரிசை வெளியாகியுள்ள பிசிசி-எம் கிளையோ ஏற்றவை. வந்ததும் பக்க வெளிச்சத் தட்டில் பார்த்துவிட வேண்டும். வேறோர் ஆய்வகத்தின் சடுதிமாற்ற உயிரோடு ஒப்பிட வேண்டுமானால், அந்த உயிர் எந்தக் கிளையில் உருவாக்கப்பட்டதோ அதே கிளையின் மாறாத வடிவத்தையும் அவர்களிடமே சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். நம்மிடம் உள்ள 6803ஐ அதற்குப் பக்கத்தில் வைத்தால், நீக்கிய மரபணுவின் விளைவு எது, கிளை வேறுபாட்டின் விளைவு எது என்று பிரிக்கவே முடியாது. கட்டுரை எழுதும்போது செய்முறைப் பகுதியில் கிளையின் பெயர், யாரிடமிருந்து எந்த ஆண்டில் பெற்றது, எந்த உறைகுழாயிலிருந்து எடுத்து வளர்த்தது என்பதைச் சேர்த்துவிடுங்கள். அடுத்து உங்களிடம் குப்பி கேட்டு எழுதப்போகிறவருக்கு அந்த ஒரு வரி போதும்.